உப்புக் கரித்த முத்தம்

சிறுகடம்பூர் வீட்டில் அன்றைக்குப் பொழுது விடிந்ததே சண்டையில்தான். ஜெயக்கொடி தன் ஏழு மாதக் குழந்தை இளமாறனை மடியில் குப்புறப் போட்டு, உள்ளங்கையைக் குவித்து முதுகில் தொப்புத் தொப்பென்று தட்டிக்கொண்டிருந்தாள். வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த நாத்தனார் மங்கை பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“பெத்த புள்ளைய இந்த அடி அடிக்கிறியே, நீயெல்லாம் மனுஷியா? உங்க வம்சத்துக்கே ஈவு எரக்கம் கெடையாது.”

டாக்டர் தட்டச் சொன்னார் என்றாள் ஜெயக்கொடி. பச்சைக் குழந்தையை அடிக்கச் சொல்கிற டாக்டர் எந்த ஊரில் இருக்கிறான், அப்படி என்ன நோய் என்று கேட்டாள் மங்கை. அவள் முகத்தைப் பார்த்த ஜெயக்கொடி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த சொந்தம் அது. மங்கையைத் தொண்டூரில் ஜெயக்கொடியின் அண்ணன் விநாயகத்துக்குக் கட்டிக்கொடுத்து, ஜெயக்கொடியை மங்கையின் தம்பி இளவரசனுக்கு எடுத்தார்கள். மங்கை பெற்ற இரண்டு பிள்ளைகளும் தவழும் முன்பே இருமி இளைத்துச் செத்துப்போயின. பிள்ளையை முழுங்கியவள் என்று அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்தினார்கள். விநாயகம் வாயைத் திறக்கவே இல்லை.

இளமாறனும் எவ்வளவு பால் குடித்தும் தேறவில்லை. இளவரசன் நெல் லோடோடு வெளியூர் போயிருந்த சமயம், ஜெயக்கொடி தனியாகவே குழந்தையைப் பாண்டிச்சேரிக்குத் தூக்கிப்போனாள். அங்கே ஆஸ்பத்திரியில் வேர்வையை எடுத்துச் சோதித்தார்கள். வேர்வையில் உப்பு மிஞ்சியிருப்பதே இந்த நோயின் அடையாளம், தாய் தகப்பன் இருவர் ரத்தத்திலிருந்தும் வருவது என்றார் டாக்டரம்மா. இருமல் தெரியும் முன்பே பசை மாதிரியான சளி நுரையீரலைக் கெடுக்கத் தொடங்கிவிடுமாம். அடியோடு தீர்க்க வழியில்லை. தினமும் தட்டிச் சளியை இளக்கி, மருந்து கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதுதான். மங்கையின் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதும், அதுவும் இதுவாகவே இருக்கலாம், அன்றைக்கே கண்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றார்.

பிழைத்திருக்கக்கூடும் என்பதை அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது? அதற்குப் பயந்துதான் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டாள்.

மங்கை குழந்தையைக் கையை விட்டு இறக்கவில்லை. மதியம் வந்த இளவரசன் அக்கா சொன்னதைக் கேட்டுக் கொதித்தான். என்ன நோய் என்று அவனும் கேட்டான். பக்கத்திலேயே மங்கை நின்றாள். ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

“புள்ளைய உட்டுட்டு உங்க அண்ணன் ஊட்டுக்குப் போ,” என்றான்.

புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு அவள் வாசல்படி இறங்கும்போது உள்ளே மங்கையின் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தைக்கு மூச்சு அடைத்து உதடு நீலம் பாரித்திருந்தது. ஜெயக்கொடி அவனை வாங்கித் தலைகீழாகச் சாய்த்துத் தட்டினாள். தட்டிக்கொண்டே அழுதாள். கெட்டிச் சளி வாய்வழியாக வழிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... பிறகு குழந்தை வீறிட்டான்.

இனி மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

மங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பெரியவனுக்கு முத்தம் குடுத்தா உப்பு கரிக்கும். என் கண்ணுத் தண்ணின்னு நெனச்சேன், ஜெயா.”

“உங்க மேல ஒரு தப்பும் இல்ல, அண்ணி.”

“இத மனசுல வச்சிக்கினா அவ்ளோ பேச்சும் வாங்கின?”

மங்கை அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களுக்கும் நடுவில் நசுங்கியபடி குழந்தை அழுதுகொண்டிருந்தான். இளவரசன் மனைவியின் பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அவளை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் சுவரோரம் நின்றான்.

ஜெயக்கொடி அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் காலையில் விநாயகம் தான் ஓட்டும் வாடகைக் காரில் வந்தான். படியேறத் துணியாமல் வாசலிலேயே நின்று தேம்பினான். தன்னை மன்னித்து வீட்டுக்கு வரச் சொல்லி மங்கையைக் கும்பிட்டான். மங்கை அவனை நிதானமாகப் பார்த்தாள்.

“அழறதுக்கு அப்புறமா நேரம் இருக்குது. ராத்திரியெல்லாம் புள்ளைக்கு மூச்சு எளைக்குது. பாண்டிச்சேரிக்கு வண்டிய எடு.”

குழந்தையை ஜெயக்கொடியின் தோளில் சாய்த்துவிட்டு, பின் கதவைத் திறந்து அவளை முதலில் ஏற்றினாள். பிறகு தானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.