மல்லியின் தாகம்

மத்தியானத்திலிருந்து கொல்லையில் சங்கிலிச் சத்தமே இல்லை. விட்டது சனியன் என்று வினோதினி முதலில் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

மல்லி அவள் வளர்த்த நாயல்ல. அவள் புருஷன் கலைச்செல்வனின் மூத்த தாரம், காய்ச்சலில் செத்துப்போன ஜெயசுதா வளர்த்தது. ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையிலிருந்து தூசியும் வியர்வையுமாக வருகிறவன், செருப்பைக் கழற்றும் முன்பே அதன் தலையைத்தான் தடவுவான். கொஞ்சலெல்லாம் அதற்கு, சோறு போடு என்பது மட்டும் இவளுக்கு. தாலி கட்டி வந்தவள் ஒரு நாய்க்குச் சக்களத்தி ஆனதுதான் மிச்சம்.

கொஞ்ச காலமாக மல்லிக்கு முடி கொட்டியது, வயிறு பானையாக உப்பியது, குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வீடெல்லாம் நனைத்தது. கலைச்செல்வன் லீவு போட்டு அரியலூருக்குத் தூக்கிக்கொண்டு போனான். வினோதினியை அவன் ஒரு தலைவலிக்குக்கூட அப்படிக் கூட்டிப் போனதில்லை. பயந்தால் உடம்பில் சுரக்கிற ஹார்மோன் இதற்கு ஓயாமல் சுரக்கிறது என்று டாக்டர் விளக்கினார்.

“எவ்வளவு கேட்டாலும் தண்ணி வைங்க. தண்ணிய மட்டும் நிறுத்திராதீங்க.”

அவள் நிறுத்தினாள். இன்று காலை அவன் ஷிப்டுக்குக் கிளம்பியதும் நாயை வெயிலில் கட்டி, தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். அது தொலைந்தால்தான் அவன் தன் பக்கம் திரும்புவான் என்று நம்பினாள்.

பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. ஆலையின் இரைச்சல் தூரத்தில் அரைபட்டுக்கொண்டிருக்க, ஈரச் சாக்கு நாற்றம் ஒன்று வீட்டுக்குள் மெல்லப் பரவ, அடுக்களை இருட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சளப். சளப். நாக்கால் தண்ணீரை வாரிக் குடிக்கும் சத்தம்.

சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்துவிட்டதா என்று பல்லைக் கடித்தபடி, கழி எடுக்கக் கொல்லைக்குப் போனாள்.

கட்டிய இடத்திலேயே மல்லி கிடந்தது. கால்கள் விறைத்திருந்தன. தொங்கிய நாக்கில் எறும்பு.

அடுக்களையில் சத்தம் நிற்கவில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. கலைச்செல்வன் செருப்போடு நேரே அடுக்களைக்குள் போனான்.

“மெதுவா குடிடி தங்கம். நான் வந்துட்டேன்ல.”

தன்னிடம் ஒருநாளும் அவன் பேசாத குரல். அந்தப் பயத்திலும் பொறாமைதான் அவளைக் கதவு வரை இழுத்துப் போனது.

செல்போன் வெளிச்சத்தில் அவன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். அண்டாவுக்குள் ஒரு தலை. திட்டுத் திட்டாக முடி உதிர்ந்த தலை. உப்பிய வயிறு தரையில் உரசியது. அவன் தொடையைப் பற்றிய கையில் வளையல்.

தடவுவதை நிறுத்தாமலே அவன் திரும்பினான்.

“வினோ, இன்னொரு குடம் கொண்டா. ஜெயாவுக்கு இன்னும் அடங்கல.”

தண்ணீர் சொட்டச் சொட்ட, அந்தத் தலை வினோதினியின் பக்கம் நிமிர்ந்தது.