ஹெஸ்கில்லின் முதல் பிரபு

குலச்சின்ன அலுவலகத்திலிருந்து வந்த படத்தில் எல்லாம் கேட்டபடிதான் இருந்தது, அந்த இரண்டு ஆட்களின் வாயைத் தவிர. கேடயம் பச்சை. நடுவே மூன்று வெள்ளி நட்சத்திரங்கள். புதிதாகப் பிரபுவாகிறவர் தன் கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்க இரண்டு உருவங்களை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சிங்கம் கேட்பார்கள், குதிரை கேட்பார்கள். ஆம்ப்ரோஸ் கெல்லட் இரண்டு சுரங்கத் தொழிலாளிகளைக் கேட்டிருந்தார். நிலக்கரியால் உயர்ந்தவர் நிலக்கரியை மறக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதும் என நினைத்தார். எழுதவும் செய்தன. ஆனால் அந்த ஆட்களின் வாய் திறந்திருக்க வேண்டும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"மார்ஜரி, இவங்க வாய் திறந்திருக்கா, பாரு."

அவர் மனைவி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "கட்டைவிரல் அளவுகூட இல்ல இந்த ஆளுங்க. இதுல வாய் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. முட்டை ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். திறந்துதான் இருந்தது. கத்துகிற வாய் இல்லை. காற்றைத் தேடுகிற வாய். அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது: தாங்கள் குறிப்பிடும் உருவங்கள் வாய் மூடியே வரையப்பட்டுள்ளன, நாங்கள் இருவர் சரிபார்த்தோம். தன் கண்தான் தவறோ என்று நினைத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதில் கண் தவறுவது பெரிய விஷயமில்லை.

பட்டத்துக்கு ஒரு ஊரின் பெயர் தேவைப்பட்டது. கெல்லட் பிரபு என்பது துணிக்கடைப் பலகை மாதிரி இருக்கிறது என்று மார்ஜரி சொல்லிவிட்டாள். அவருக்குச் சொந்தமான ஊர்கள் மூன்று. ஒன்றின் பெயரில் ஏற்கனவே ஒரு பிரபு இருந்தார். இன்னொன்றின் பெயர் பன்றித் தொழுவத்தை நினைவூட்டியது. மிஞ்சியது ஹெஸ்கில். சொல்வதற்கு அழகாக இருந்தது. அரச சாசனத்தில் முத்திரை விழுந்த பிறகு சொந்தப் பெயர் போய்விடும், ஊரின் பெயர் ஒன்றை மட்டும் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். வீட்டுக்கு வந்து முப்பது முறை எழுதிப் பழகினார். ஹெஸ்கில். ஹெஸ்கில்.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு, ஹெஸ்கில் சுரங்கத்தின் மூன்றாம் தளத்தில் தீப்பிடித்தது. உள்ளே முப்பத்துநான்கு பேர். தீக்குக் காற்று போகாமல் தடுத்தால் நிலக்கரிப் படுகையைக் காப்பாற்றலாம்; அதற்கு வழியைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைக்க வேண்டும். சுவர் இடுப்பளவு எழும்பியபோது உள்ளேயிருந்து குழாயில் யாரோ தட்டினார்கள். மூன்று. நிறுத்தம். மறுபடி மூன்று. கட்டுங்கள் என்று கெல்லட்தான் சொன்னார். விசாரணையில், வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்து, எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றார். அவரோடு நின்று சுவரைக் கட்டிய மேஸ்திரியும் அதையே சொன்னார். இரண்டு வருடத்தில் குடித்தே செத்தார். அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தைப் பற்றித் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு வரவேற்பறையில், பிரபுக்கள் சபையில் பதவியேற்கும் சடங்குக்கு ஒத்திகை. ஜன்னலில் மஞ்சள் பனிப்புகை அப்பியிருந்ததால் விளக்கை ஏற்றியிருந்தார்கள். பத்தொன்பது வயது மகன் லாரன்ஸ் பியானோ முக்காலியில் ஏறி உட்கார்ந்து, தேநீர்க் கெண்டிக்குப் போடும் கம்பளி உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். அவன்தான் சபைத் தலைவராம்.

"மண்டி போடுங்க, பிரபுவே. இன்னும் கீழ. முட்டி இப்படிக் கடகடன்னு பேசுதே, அது சாசனத்துல இல்லையே."

"ஒழுங்கா நடிடா."

"நான் இப்பவே கத்துக்க வேண்டாமா? நாளைக்கு நான்தானே ரெண்டாவது ஹெஸ்கில். அன்னிக்கு நான் சிம்மாசனப் படியிலதான் உக்காரப் போறேன். பிரபுவோட மூத்த பையனுக்கு அந்த உரிமை உண்டாம், பிண்டர் சொன்னார். அங்கிருந்து பார்த்தா நீங்க தடுக்கி விழறது நல்லாத் தெரியும்."

வாசலில் நின்ற பட்லர் பிண்டர் சிரிப்பை விழுங்கினார்.

சத்தியம் செய்து கையெழுத்திட்ட பிறகு பெஞ்சில் போய் உட்கார வேண்டும். தொப்பி வைத்து, எழுந்து, தொப்பியைக் கழற்றிச் சபைத் தலைவரை வணங்க வேண்டும். மூன்று முறை. கெல்லட் உட்கார்ந்தார், எழுந்தார், குனிந்தார். கணப்படுப்புக்குப் பின்னாலிருந்த சுவரில் டொக் என்றது. மறுபடி உட்கார்ந்து எழுந்து குனிந்தார். டொக். மூன்றாம் முறை தலை குனியாமல் நின்றார். சுவரும் காத்திருந்தது. குனிந்தார்.

டொக்.

"குழாய்ப்பா," என்றான் லாரன்ஸ். "குளிர் காலத்துல அப்படித்தான்." பிறகு இருமத் தொடங்கினான். உறை தலையிலிருந்து விழுந்தது. கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் கறுப்பாக ஒரு திட்டு, ஒரு காசளவு.

மருத்துவர் வந்து லண்டன் புகை என்றார். நகரத்தில் பாதிப் பேர் கறுப்பாகத்தான் துப்புகிறார்கள் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். கெல்லட் இருமல்களை எண்ணத் தொடங்கினார். வியாழன் இரவு உணவின்போது பதினொரு முறை. வெள்ளி காலை பதினான்கு. வெள்ளி மாலை இருபத்தாறு. ஒன்றிரண்டைத் தவறவிட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகப்பட்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, ஹெஸ்கில்லிலிருந்து மிஸஸ் ஹார்க்கர் என்று பிண்டர் வந்து சொன்னார். அவள் கறுப்புத் தொப்பியோடு, குடையின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, கம்பளத்தின் ஓரத்தில் நின்றாள். முப்பத்துநான்கு பேர் பட்டியலில் ஒன்பதாவது பெயர் சேத் ஹார்க்கர். அவருக்கு மனப்பாடம்.

"உக்காருங்க."

"நின்னே பழகிப்போச்சு, பிரபுவே. இப்ப அப்படித்தானே கூப்பிடணும்? பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"என்ன வேணும் உங்களுக்கு? வீட்டுக் கூரை ஏதாவது..."

"கூரை ஒழுகத்தான் செய்யுது. அதுக்கு வரல. என் புருஷன் வந்திருக்கார், அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கெல்லட் கதவைப் பார்த்தார். மூடியிருந்தது.

"திங்கக்கிழமை பேப்பர் வந்துது. அன்னிக்குச் சாயங்காலமே வந்துட்டார். அவர் மட்டும் இல்ல. தெருவுல எந்த வீட்டுல ஆள் போச்சோ அந்த வீட்டுலயெல்லாம். பதினாலு வருஷமா எங்க ஊர்ப் பேரை வெளியில யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. கல்யாணம் பண்ணிப் போன பொண்ணுங்ககூட வேற ஊர்ப் பேரைத்தான் சொல்லுவாங்க. நீங்கதான் கூப்பிட்டீங்க. ராஜா முத்திரை வச்சு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. கூப்பிட்டா வரமாட்டாங்களா? அவர் நாற்காலியில உக்காந்துகிட்டுக் கேக்கறார், நம்ம பிரபு எங்க குடியிருக்கார்னு."

"நீ சொன்னியா?"

"ஏன் சொல்லாம? பேப்பர்ல விலாசம் இருந்துதே."

மாடியில் லாரன்ஸ் இருமினான். அவள் தலையைச் சாய்த்து, பழகிய பாட்டைக் கேட்பவள்போலக் கேட்டாள்.

"உங்க பையனா? சேத் கீழ இறங்கின முதல் வருஷம் இப்படித்தான் இருமினார்."

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?" அவர் குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை அங்க சத்தியம் பண்ணப் போறீங்களாமே. அந்த இடத்துலயே, அத்தனை பேர் முன்னாலயும் சொல்லிடுங்க. தட்டினாங்க, எனக்குக் கேட்டுதுன்னு. அவ்வளவுதான்."

"சொல்லலைன்னா?"

"பட்டம் உங்களோட முடிஞ்சுபோற சமாச்சாரமா, பிரபுவே? உங்களுக்கு அப்புறம் பையனுக்குத்தானே வருது. அதுகூட வர்றதெல்லாமும் அவனுக்குத்தான்."

"நீ அவங்களைத் தடுக்கலாமே. நீயும் ஒரு தாய்தானே."

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை. "என் பெரியவனும் அன்னிக்கு அவங்க அப்பாவோடதான் இறங்கினான். பதினாறு வயசு. நான் ஏன் தடுக்கணும்?"

அவள் போன பிறகு, நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். கம்பளம் சுத்தமாக இருந்தது. உயிருள்ள ஒரு பெண்பிள்ளை வந்தாள், பேசினாள், ரயிலேறப் போனாள். அவ்வளவுதான். ஆனால் பிண்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்: "கூட வந்தவங்களும் போயிட்டாங்களா ஐயா? மாடிப்படியில உக்காந்திருந்தாங்களே."

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. திங்கள் மாலை ஓர் அட்டையில் எழுதினார்: அவர்கள் தட்டினார்கள், எனக்குக் கேட்டது. படித்துப் பார்த்தார். படுகை போகும், பட்டம் நகைப்பாகும், சிறைகூட வரலாம். லாரன்ஸ் இருப்பான். அட்டையை மடித்து வலது கையுறைக்குள் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து லாரன்ஸ் ஒரு தடவைகூட இருமவில்லை. வறுத்த மீனை இரண்டு தட்டு சாப்பிட்டான். காரில் போகும்போது சீட்டியடித்தான். கெல்லட் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பனிப்புகையும் விலகியிருந்தது. ஒருவேளை புகைதானோ.

பிரபுக்கள் சபையின் உடைமாற்றும் அறையில் செந்நிற அங்கியைத் தோளில் போட்டார்கள். அதன் வெண்மயிர்ப் பட்டையிலிருந்து அந்துருண்டை வாசனை வரும் என்று எதிர்பார்த்தார்; ஈரக் களிமண்ணும், அணைந்த நெருப்பும், நெடுநேரம் அடைத்துக் கிடந்த ஆட்களின் வேர்வையும் கலந்த வாடைதான் கழுத்தைச் சுற்றி எழுந்தது. அவரை இருபுறமும் அழைத்துச் செல்ல இரண்டு பழைய பிரபுக்கள் வந்தார்கள். மூத்தவர் காது மந்தமானவர்.

"பயப்படாதீங்க, ஹெஸ்கில்," என்று மண்டபம் முழுவதும் கேட்கும்படி ரகசியம் சொன்னார். "பாதிப் பேர் தூங்கிகிட்டுத்தான் இருக்காங்க. மீதிப் பேர் டீக்குக் காத்திருக்காங்க."

உள்ளே நடந்தார்கள். சிவப்புத் தோல் பெஞ்சுகள், வழுக்கைத் தலைகள், உயர்ந்த ஜன்னல்களிலிருந்து இறங்கிய நவம்பர் வெளிச்சம். சபைத் தலைவருக்குப் பின்னால் பொன்னிறச் சிம்மாசனம். அதன் படியில் லாரன்ஸ், முழங்காலைக் கட்டிக்கொண்டு. அப்பாவைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினான். தடுக்கிவிடாதீர்கள்.

சாசனத்தை எழுத்தர் படித்தார். அவருக்கும், அவர் உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கும். சத்திய வாசகத்தைக் கெல்லட் படித்தார். கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு மூச்சளவு அமைதி. இதுதான் இடம். கையுறைக்குள் அட்டை விரலில் குத்தியது. ஐந்நூறு கண்கள். லாரன்ஸ் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான், கன்னத்தில் நல்ல நிறம், ஒரு இருமல் இல்லை.

நாளைக்கு. தனியாக, ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டு. நாளைக்கு.

பேனாவை எடுத்து எழுதினார். ஹெஸ்கில்.

பெஞ்சுக்கு அழைத்துப் போனார்கள். உட்கார்ந்தார். தொப்பி வைத்தார். எழுந்தார், கழற்றினார், குனிந்தார். நிமிர்ந்தார்.

சிம்மாசனப் படியில் ஆட்கள் இருந்தார்கள். முதுகு மட்டும் தெரிந்தது. கரித்தூள் படிந்த, சட்டையில்லாத முதுகுகள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் செங்கல் போய்க்கொண்டிருந்தது. லாரன்ஸின் முழங்கால் வரை சுவர். அவன் இன்னும் அப்பாவைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு காவலர் சுவரின் ஊடாக நடந்துபோனார்.

"ரெண்டாவது," என்றார் காது மந்தமானவர்.

உட்கார்ந்தார். தொப்பி. எழுந்தார். குனிந்தார். பூச்சுக் கரண்டி உரசும் சத்தம்.

நிமிர்ந்தபோது சுவர் மார்பளவு. லாரன்ஸ் சிரிக்கவில்லை. தன்னைச் சுற்றிப் பார்த்தான். எழ முயன்றான். ஒரு கறுத்த கை அவன் தலையில் விழுந்து, அன்பாக, அழுத்தி உட்காரவைத்தது. அவன் உதடுகள் அசைந்தன. அப்பா.

கத்த வேண்டும். இப்போது. ஓட வேண்டும்.

"இன்னும் ஒண்ணுதான். அவசரப்படாதீங்க."

கால்கள் மடங்கின. பழகிய கால்கள். தொப்பி. எழுந்தார். வாயைத் திறந்தார், உள்ளே களிமண் சுவை, சொல் வரவில்லை. குனிந்தார்.

வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

நிமிர்ந்தார்.

சுவர் மூடியிருந்தது.

பெஞ்சுகளிலிருந்து மெல்லிய பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். அங்கே சுவரில், கண் மட்டத்தில், இரண்டு செங்கல்லுக்கு இடையே ஈரமண் புடைத்தது. உதிர்ந்தது. ஒரு விரல் வெளியே வந்தது. சுத்தமான விரல், அளவாக வெட்டிய நகம். இரண்டாம் கணு வரை வந்து, காற்றில் எதையோ தேடியது.

கரண்டி பிடித்தவன் திரும்பினான். அவரைப் பார்த்தான். அவர் சொல்லட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் தலையசைத்துவிட்டு, கரண்டி நிறைய மண்ணை எடுத்து, அந்த விரலின்மேல் வைத்து, பூசத் தொடங்கினான்.