பேர் சொல்லாத நம்பர்

"கடை இருக்கு சார். நெட்டுல தேடினா மட்டும் இல்ல," என்றார் அந்த அக்கா.

பழைய தையல் மெஷின் பாகங்கள் விற்பவர் அவர். வெப்சைட்டைத் தேடிப் பிடித்து வருகிறவர்கள்தான் அவருக்குச் சோறு போடுகிறவர்கள். இப்போது கூட்டமே இல்லை. பேசாமல் கடையைப் பக்கத்துத் தெருப் போட்டிக்காரருக்கே விற்றுவிடலாம் என்று தம்பி சொல்கிறானாம்.

அக்கா உதவி கேட்டு வந்தது ஒரு துப்பறிகிறவரிடம். எதற்கும் பதறாததால் எல்லோரும் அவரை நிதானம் என்றே கூப்பிடுவார்கள். உதவிக்கு இருப்பது அவருடைய மச்சான், சரியான அவசரக்குடுக்கை.

வெப்சைட்டில் தான் போட்டிருந்த பொருட்களின் படங்களை எல்லாம் போட்டிக்காரர் காப்பியடித்ததால், அவரை பிளாக் பண்ணும்படி தம்பியிடம் சொன்னாராம் அக்கா. வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவன்தான். அன்று சாயங்காலமே போட்டிக்காரரின் இன்டர்நெட் இணைப்புக்கு அடையாளமான ஐபி நம்பரைத் தடுத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் தேடலில் கடை காணாமல் போனது. படங்கள் மட்டும் இன்னும் காப்பியாகின்றன.

"பிளாக் பண்ணதுதான் வினை," என்று மச்சான் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஒரு ஆளைத் தடுத்தால் தேடலில் கடை இறங்காது என்றார் நிதானம்.

கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். தம்பி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். போட்டிக்காரரின் நம்பரோடு இன்னொன்றும் தடுக்கப்பட்டிருந்தது: வெப்சைட் பக்கங்களைப் படித்துத் தேடலில் சேர்க்கும் 'ரோபோ' என்கிற புரோகிராம். அடிக்கடி வந்ததால் திருடன் என்று நினைத்துவிட்டேன் என்றான் தம்பி.

"ரோபோ பேரைச் சொல்லிட்டுத்தான் வரும் தம்பி. வெப்சைட்டோட வருகைப் பதிவுல பாருங்க, இருக்கு," என்றார் நிதானம். "பேர் சொன்னதைத் தெரியலைங்கிறீங்க. போட்டிக்காரரோடது வெறும் நம்பர். இத்தனை நம்பருக்கு நடுவுல அது அவரோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

குத்துமதிப்பாகப் போட்டேன் என்றான். மச்சான் அதற்குள் உள்நுழைந்தவர்களின் பதிவைத் திறந்திருந்தார். பிளாக் போடுவதற்கு முன்பு, போட்டிக்காரரின் அதே நம்பரிலிருந்து தம்பியின் பாஸ்வேர்டைப் போட்டுப் பலமுறை உள்ளே வந்திருந்தது தெரிந்தது.

"அவர் கடையில உக்காந்து நீங்களே திறந்திருக்கீங்க. அதனாலதான் நம்பர் தெரியும். படத்தை நீங்களே கையில குடுக்கும்போது, அவரை பிளாக் பண்ணா அவருக்கு என்ன நஷ்டம்?"

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. "கூட்டம் குறைஞ்சா நீ வித்துடுவேன்னுதான் ரோபோவைத் தடுத்தேன். இந்தக் கடையும் அவர் கைக்கு வந்தா, பங்கு தர்றேன்னாருக்கா."

"வெளிச்சத்தை மறைக்கிறே, தள்ளி நில்லுக்கான்னு படம் எடுப்பியே," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "அதெல்லாம் யாருக்குடா எடுத்தே?"

நிதானம் ரோபோவின் தடையை எடுத்தார். போட்டிக்காரரின் தடை இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை, தேடலில் கடை மெல்ல மேலே ஏறிவிடும் என்றார். அக்கா பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத் தம்பியிடம் கையை நீட்டினார். கடைச் சாவிக்கொத்தை அதில் வைத்தான்.

"நாளைக்குக் கடையை யார் திறப்பாங்க, அக்கா?"

"எந்தக் கடையை?" என்றார் அக்கா.