மூலையில் பதிந்த உருவம்

செக்டர் ஃபைவ் ஐ.டி. பகுதி அலுவலகத்தில் பெத்துராஜுக்குத் தினமும் ஒரே வேலை. ஊரின் கிழக்கு ஓரத்தில் எழும்பும் குப்பைச் சுத்திகரிப்பு ஆலையை அவன் மனைவி நந்திதா லேசர் கருவியால் அளப்பாள். அளந்தது உடனே இவன் திரைக்கு வரும். அதைக் கணினி மாடலின்மேல் வைத்து, வரைந்தபடி கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பான். குறுக்கே வந்த ஆட்களும் புள்ளிப்புள்ளியாகப் பதிந்துவிடுவார்கள். அவர்களை அழிப்பதும் இவன் பாடுதான்.

அன்று திரையில், ஆலையின் ஆழத்தொட்டி மூலையில் ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முதுகில் சாக்கு. குப்பை பொறுக்குகிறவள் என்று நினைத்து அழித்தான்.

மறுநாளும் இருந்தாள்.

கருவிக்குச் சற்றுப் பக்கத்தில்.

நடமாடும் ஆட்கள் கலங்கலாகத்தான் பதிவார்கள். இவளுக்கோ மூடிய இமைகூடத் தெளிவாகத் தெரிந்தது. பெத்துராஜ் அதை மேலாளர் பாலசுப்ரமணியனிடம் காட்டினான். தொட்டிக்குக் கான்கிரீட் போட லாரி காத்திருக்கிறது, கதை அளக்காமல் குப்பையை அழி என்று அவர் எரிந்து விழுந்தார். அழித்தான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கடைசி அளவெடுக்கத் தொட்டிக்குள் இறங்கியிருந்த நந்திதாவைப் போனில் கூப்பிட்டான்.

"நந்து, உள்ள வேற யாரும் இருக்காங்களா?"

"நான் மட்டும்தான். கூலியாளுங்க யாரும் இறங்க மாட்டேங்கறாங்க. ஒரே நாத்தம்."

திரையில் புது அளவு விரிந்தது. நந்திதா ஹெல்மெட்டோடு நின்றாள். ஒட்டினாற்போல் பின்னால் அந்தச் சாக்குக்காரி.

கண் திறந்திருந்தது. கை நந்திதாவின் தோளில்.

பழகின கை சும்மா இருக்குமா? பதறிப்போய் வளைத்து அழித்தான். ஒட்டி நின்ற இருவரும் சேர்ந்தே அழிந்தார்கள்.

"நந்து?"

போனில் சாக்கு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

அழித்ததை மீட்டான். ஒருத்திதான் திரும்பி வந்தாள். மூலையில் குத்தவைத்திருந்தாள். முதுகில் சாக்கு. தலையில் ஹெல்மெட்.

தளத்துக்குப் போன் போட்டுக் கதறினான். தொட்டியில் ஆளே இல்லை, கருவி மட்டும் தன்னால் சுற்றுகிறது என்றார்கள்.

"இன்னுமாய்யா அந்தக் குப்பைய அழிக்கல?" பாலசுப்ரமணியன் வந்து கீபோர்டுக்குக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பெத்துராஜ் இறுகப் பிடித்துக்கொண்டான். அது நந்திதா.

ஏசி அறையில் அழுகல் நாற்றம் எழுந்தது.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவனைப் பார்க்கவுமில்லை. அவனுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் தோளில் ஈரமாக ஒரு கை விழுந்தது.