உப்புப் படியாத கண்ணாடி

1972 ஆவணி, காலை எட்டரை மணி. திருகோணமலைத் துறைமுகத்தையொட்டிய மண்டபத்தில் அமெரிக்கர் நிலாவுக்குப் போய் எடுத்துவந்த கல் களவு போய்விட்டதென்று கண்காட்சிப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் ஊரையே கூட்டிவிட்டார். இன்ஸ்பெக்டர் ஸைனுலாப்தீன் வந்தபோது காவலாளி வீரசிங்கம் மூலையில் குந்தியிருந்தார். கல் கிடைக்காவிட்டால் அவருக்கு மறியற்சிறைதான். அவருடைய மனைவி யோகம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மேசையில் இரண்டு குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புத் துணுக்கு. மேலே கவிழ்த்த கண்ணாடிக் கூடுகளில் 'முதற் பயணம்', 'இரண்டாம் பயணம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. புல்மோட்டைக் கறுப்பு மணலில் டைட்டேனிய உலோகத்தின் அளவைப் பரிசோதிக்கும் இரத்தினேஸ்வரி, மாணவர்களுக்குக் காட்டுவதற்காக முந்தின நாள் மாலை முதற் குப்பியில் ஒரு பொடி எடுத்துச் சோதித்தார். முதற் பயணக் கல்லில் டைட்டேனியம் நிறைய இருக்க வேண்டும். இருந்ததோ கொஞ்சம். காலையில் இந்த முடிவைக் கேட்டதும் பாக்கியரத்தினம், காவலாளி ஏதோ தெருக்கல்லை மாற்றி வைத்துவிட்டார் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

"கூடுகளைத் தொட்டனீங்களோ?" என்று இன்ஸ்பெக்டர் காவலாளியைக் கேட்டார்.

"பூட்டின மேசை ஐயா. திறப்பு என்னட்டை இல்லை," என்றார் வீரசிங்கம்.

இன்ஸ்பெக்டர் மண்டபத்தைச் சுற்றி வந்தார். கடற்காற்றில் யன்னலும் அலுமாரிக் கண்ணாடியும் உப்புப் பூத்து மங்கிக் கிடந்தன. மேசைக் கூடுகளில் மட்டும் அவருடைய மீசை பளிச்சென்று தெரிந்தது. மனம் கொஞ்சம் லேசாயிற்று.

நிலாவின் எரிமலைக் கல்லெல்லாம் ஒரே மாதிரியா என்று இரத்தினேஸ்வரியிடம் கேட்டார்.

"இல்லை. ஒரே குசினியில் சமைச்சாலும் ரெண்டு கறிக்கும் உப்பு ஒரே அளவோ? இரண்டாம் பயணக் கல்லில் டைட்டேனியம் குறைவுதான்."

"அப்ப மற்றக் குப்பியையும் பாருங்கோ."

பகல் பன்னிரண்டரைக்கு முடிவு வந்தது. 'இரண்டாம் பயண'த்தில் டைட்டேனியம் நிறைய இருந்தது.

"கூடுகளைத் துடைச்சது ஆர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான்," என்றார் பாக்கியரத்தினம் பெருமையோடு. "நேற்றுக் காலை அரசாங்கக் கச்சேரிப் பெரியவர்கள் பார்க்க வந்தவை. இந்த வேலைக்கு வேறொருவரை நம்பேலாது."

"அப்ப ஆள் நீங்கள்தான். சீட்டு இருக்கிறது குப்பியில் இல்லை, கூட்டில். ரெண்டையும் கழற்றி உப்பைத் துடைச்சு, மாறிக் கவிழ்த்துவிட்டீங்கள். களவே நடக்கயில்லை."

வீரசிங்கம் எழுந்து பெருமூச்சு விட்டார். செய்தியை வாசலில் போய்ச் சொல்லும் வேலையை இன்ஸ்பெக்டர் பாக்கியரத்தினத்திடமே கொடுத்தார். அவர் அசடு வழியச் சொல்லி முடித்து, கண்ணைத் துடைக்கத் தன் கைலேஞ்சியை நீட்டினார்.

யோகம்மா அழுகையினூடே சிரித்துவிட்டாள்.

"வேண்டாம் ஐயா. நீங்கள் துடைச்சது போதும்."