கோணல் பாத்தி

ஜூலை 9, புதன். இன்றைய பிழை: பாத்தியை மறுபடியும் கோணலாக்கிவிட்டேன். மரப்பட்டையைத் தேசிக்கன்றின் தண்டோடு ஒட்டக் குவித்திருக்கிறேன். ஒரு சாண் இடம் விட்டிருக்க வேண்டும்.

பதுளை டவுனில் மாலை ஆங்கில வகுப்பு எடுக்கும் சேர், தினமும் டயரியில் ஒரு பிழையும் மறுநாள் வேலையொன்றும் எழுதச் சொல்லியிருந்தார். றிப்தாவுக்குப் பிழைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வகுப்புக்குப் போகுமுன் மதிலோடு நூல் பிடித்துப் பாத்தியை நேராக்கியது அவள் கைக்கு நினைவிருந்தது. நகக்கண்ணில் யூகலிப்டஸ் பட்டையின் காரவாசம் இன்னும் போகவில்லை.

"நூல் புடிச்சுத்தான் போட்டேன், நானா."

அவளது அண்ணன், ஷப்ராஸ் நானா, தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே சிரித்தார். "நூல் நேராத்தான் இருந்திருக்கும். ஒன்ட கண்ணுதான் கோணல். நேத்து கேஸ் அடுப்ப மூடினியா?"

மூடிய நினைவு இருந்தது. இப்போது அதுவும் சந்தேகமாயிருந்தது.

"உம்மா ஃபோன் எடுத்தாவா?"

"எடுத்தா. ஒன்ன ஒழுங்கா படிக்கச் சொன்னா."

உம்மா சவூதிக்கு வேலைக்குப் போய் ஒரு மாதம். விடியுமுன் வேன் வந்ததாம், நானா சொன்னார். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வரவில்லையாம். சொல்லாமல் போனதை றிப்தாவால் மன்னிக்க முடியவில்லை. அந்த வாரமே நானா மர ஆலையிலிருந்து பட்டையைச் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து, அவளுக்காகவே என்று பின்வளவில் இந்தப் பாத்தியைப் போட்டார். உம்மா விட்டுப் போனாலும் நானா விடமாட்டார் என்று அவள் நம்பினாள்.

வியாழன் மாலை மழைக்கு வகுப்பு இல்லை. அவள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டாள். நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய பனி பின்வளவு மதிலைத் தின்றுகொண்டிருக்க, கூரைத் தகரம் சொட்டுச் சொட்டாய் ஒழுக, ஈரப்பட்டையின் வாசம் யன்னல் வழியே வந்து அவளது அறையில் ஆள் போல உட்கார்ந்திருந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொல்வது கேட்டது. தொழுகைப் பாயை விரித்தாள்.

வெளியே சரக், சரக் என்று ஒரு சத்தம்.

யன்னலருகே போனாள். நானா மண்டியிட்டு, இரண்டு கையாலும் பட்டையை அணைத்து அணைத்து, அன்று காலை அவள் மறுபடி நேராக்கிய பாத்தியைக் கோணலாக்கிக்கொண்டிருந்தார். அவசரமில்லை. பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவது போல.

அப்படியானால் பிழை அவளுடையதல்ல. ஒரு நாளும் அல்ல.

தன் பாயைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். மதிலுக்குத்தான் அது கோணல். மக்கா இருக்கும் திசையை, கிப்லாவை, நோக்கிய அவளது பாய்க்குச் சரியான குறுக்கு. புதைக்கும் மையத்தின் முகம் கிப்லாவைப் பார்க்க வேண்டுமென்று, கப்றுக் குழி வெட்டுவதும் இப்படித்தான்.

நானா கேத்தலை எடுத்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்ணீர் ஊற்றினார். தலையிலிருந்து கால்வரை, புதுக் கப்றுக்கு ஊற்றுவது போல.

உம்மா சொல்லாமல் போகவில்லை.

உம்மா போகவேயில்லை.

பட்டை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மழையா. கண்ணா. மறுபடி உயர்ந்தது.

அதற்கு அப்பால், பனிக்குள், இன்னொரு பாத்தி. அதே கோணல். வெட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நானா நிமிர்ந்தார்.

"வந்துட்டியா? க்ளாஸ் இல்லையா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். பின்கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. முன்கதவும். நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தார். டயரியை விரித்தார். தோளில் கை. பட்டை வாசம்.

"அடுத்தத நாளைக்கு முடிப்பம். ஒனக்கு என்ன கண்டு வேணும்? தோடையா?"

அவர் பேனையை அவளது கையில் வைத்தார்.

"எழுதி வை, தங்கச்சி. ஒனக்குத்தான் மறதி."

அவள் எழுதினாள்.

நாளைய வேலை: இரண்டாவது பாத்திக்குப் பட்டை போடுதல்.