கண் திறந்த படம்

திரையில் ராமக்காள் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். பிரிண்டரிலிருந்து வந்த படத்தில் மூடியிருந்தாள்.

அமல்தாஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கம்பைநல்லூரில் ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து எத்தனையோ பேருக்குக் கண் திறந்து கொடுத்திருக்கிறான். உயிரோடு இருக்கும்போது ஒரு படம் எடுக்காமல், செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து செல்போனில் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவன் நெற்றிக் காசையும் தாடைக்கட்டையும் அழித்து, வேறு யாருடைய படத்திலிருந்தாவது கண்ணைக் காப்பி எடுத்து ஒட்டுவான். டீ குடிக்கிற நேரத்து வேலை. இன்று மத்தியானத்திலிருந்து உயிரை வாங்குகிறது.

"ஆச்சுங்களாண்ணா?" ராமக்காளின் மகன் மாதேஷ் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "நாளைக்குக் காரியம். கும்புட அம்மா படம் வேணுங்க."

"மிஷின் தகராறு பண்ணுதுப்பா. இரு."

வேறொரு கிழவியின் கண்ணை ஒட்டி மறுபடி பிரிண்ட் கொடுத்தான். பிரிண்டர் இடமும் வலமுமாகத் தேய்த்துத் தேய்த்து நகர, மை வாசனைக்கு நடுவே வாடிய மாலையும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை மெல்ல எழும்ப, காகிதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. நெற்றி, புருவம், அதற்குக் கீழே இறுக மூடிய இமைகள். கசக்கி எறிந்தான். எரிச்சலில் அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

உள்ளே வந்த மாதேஷ், பின்னால் உட்கார்ந்து லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த அமல்தாஸின் மனைவி ஸ்டெஃபியைப் பார்த்தான்.

"எங்கம்மாவுக்கு இந்தக்கா மாதிரியே பெரிய கண்ணுங்க."

அதுவும் சரிதான். ஸ்டெஃபியின் பாஸ்போர்ட் சைஸ் படம் கம்ப்யூட்டரில் இருந்தது. கண்களைச் சுற்றிக் கோடு போட்டான். எடுத்தான், ஒட்டினான். கம்ப்யூட்டர் கேட்டதற்கெல்லாம் எஸ், எஸ் என்று அழுத்தி சேவ் செய்து அவள் படத்தை மூடிவிட்டு, பிரிண்ட் கொடுத்தான்.

"ஏங்க, கண்ணு ஒரு மாதிரி கூசுது" என்றாள் ஸ்டெஃபி.

"பேசாம இரும்மா. நானே கடுப்புல இருக்கேன்."

"கரன்ட் போயிருச்சுங்களா?"

டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. "வெளையாடாத" என்றான், திரும்பாமலே.

படம் வந்தது. கண்கள் திறந்திருந்தன.

"எங்கம்மாவேதாங்க!" மாதேஷ் தேம்பினான். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே கிளம்பத் தயாராக நின்ற பஸ்ஸுக்கு ஓடினான்.

அப்பாடா என்று இருந்தது அமல்தாஸுக்கு. ஏதோ உறுத்த, ஸ்டெஃபியின் படத்தை மறுபடி திறந்தான்.

கண் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை ஓட்டைகள்.

காப்பி கொடுப்பதற்குப் பதிலாகக் கட் கொடுத்திருக்கிறான். அதையே சேவும் செய்திருக்கிறான். பழையபடி கொண்டுவரும் பட்டனை அழுத்தினான். வரவில்லை. மறுபடி. வரவில்லை.

"ஸ்டெஃபி?"

லேமினேஷன் மிஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தீயும் நாற்றம். அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். கைகள் தொடைமேல். ராமக்காளை உட்காரவைத்திருந்தார்களே, அதே மாதிரி. கண்கள் மூடியிருந்தன.

"கண்ணத் தொற, ஸ்டெஃபி."

திறக்கவில்லை. கட்டைவிரலால் இமையைத் தூக்கினான்.

வெள்ளை. பிரிண்ட் போடாத காகிதத்தின் வெள்ளை.

அவள் உதடு அசைந்தது. "ஏங்க, ஜன்னல் வழியா நம்ம கடை தெரியுது. நான் எதுக்குங்க பஸ்ஸுல போறேன்?"

வெளியே ஹாரன் சத்தம். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் மாதேஷின் மடியில் இருந்த படம் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்கள் மட்டும் அமல்தாஸ் பக்கம் திரும்பியிருந்தன.